கீறுதா?

கொல்லைக் கொட்டகையில் சபாபதி சுவிட்சை அணைத்ததும், காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த டிரம் நின்றது. புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இளவரசி சட்டென்று எழுந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள். கொல்லைக் கொட்டகைக்கு அவள் போன வேகத்தில் ஆட்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

"யாரு மாமா இத நிறுத்தச் சொன்னது?"

சபாபதி, செத்துப்போன கதிர்வேலின் அண்ணன். "என்னம்மா பேசற? தெருவுல ஒரு தறி ஓடல. அத்தினி பேரும் என் தம்பிக்காக நிறுத்திட்டு உக்காந்துக்கினு இருக்கறாங்க. பொணம் கெடக்கற வூட்டுல இது மட்டும் கடகடன்னு சுத்தினா நாலு பேரு காறித் துப்ப மாட்டான்?"

"துப்பட்டும். விடியக்காலையில அவரு கையால போட்ட லோடு இது. பாதியில நின்னா சோப்புத் தண்ணியிலயே பித்தள கறுத்துப்பூடும். அவரோட கடேசி லோடு குப்பைக்குப் போவணுமா?"

அவரைத் தாண்டிப் போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

லேத்தில் கடைந்து வரும் கேஸ் அடுப்புப் பித்தளை நட்டுகளைக் கல்லும் சோப்புத் தண்ணீருமாக டிரம்மில் போட்டுச் சுற்றவிடுவது கதிர்வேலின் தொழில். கல்லோடு உரசி உரசி ஓரத்துப் பிசிறு போய்விடும். ஆனால் பாருங்கள், அவனுடைய விரல்களோ காய்த்துப்போனவை. பிசிறு இருந்தாலும் தெரியாது. அதனால் ஒவ்வொரு லோடு முடிந்ததும் ஒரு நட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிடுவான். பால் பொங்கினாலும் சரி, குழம்பு தீய்ந்தாலும் சரி, அவள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் அதை இழுத்து, "கீறுதா?" என்பான். அவள் "கீறல" என்றால்தான் சரக்கு வெளியே போகும். இன்று லோடைப் போட்டுவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டான். பாவி மனுஷன், டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

வாசலில் பாடை தயாராகிவிட்டது. சபாபதி மறுபடியும் கொட்டகைக்கு வந்தார்.

"ராகு காலம் வந்துடும்மா. தூக்கலாமா?"

"சத்தம் மாறட்டும் மாமா. இப்ப கரகரன்னுது. பிசிறு போச்சுன்னா சரசரன்னு ஆவும்."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. நெஞ்சு வெடித்துவிடும்போலத்தான் இருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சபாபதி கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் தறிச் சத்தம் கேட்ட காது அவருக்கு. கொஞ்ச நேரத்தில் அவர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"மாறிடுச்சு போலக்குதே?"

"ஆமா மாமா."

அவளே அணைத்தாள். மூடியைத் திறந்து, கையை விட்டு ஒரு நட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி முந்தானையில் துடைத்தாள்.

கூடத்துக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று முன்புதான் பெண்கள் அவள் கை நிறைய கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தார்கள். அவற்றை முழங்கைப் பக்கம் தள்ளினாள். அவனுடைய விறைத்த விரல்களுக்கு நடுவில் நட்டை வைத்து, அந்தக் கையைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் மெதுவாக இழுத்தாள்.

"கீறல," என்றாள் அவனிடம்.

நட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப தூக்குங்க மாமா."