தோட்டக்காட்டார் வருக

கூடலூருக்கு மேலே, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகப் போட்ட தேயிலைத் தோட்டத்தில், எழுபத்தெட்டில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். முதல் வாரத்துக்குள் பதினைந்து பிள்ளைகள் சேராவிட்டால் மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைவரை பதினாலுதான்.

பொள்ளாச்சிப் பக்கத்து லீலாவதி டீச்சர்தான் பொறுப்பு. அன்றைக்குப் பெற்றோரை வரச்சொல்லிவிட்டு, வாசல் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'தோட்டக்காட்டார் வருக.'

பிள்ளைகள் சண்டையில் ஒருவனை ஒருவன் 'தோட்டக்காட்டான்' என்று வைவதை அவள் கேட்டிருந்தாள். அவள் ஊரில் தோட்டங்காடு என்றால் கிணறும் மாடுமாகச் சொந்த நிலம். அவள் அப்பாவையே 'தோட்டக்காட்டார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புறம் வசவு எங்கிருந்து வந்தது? எல்லாம் அந்த 'ஆன்' விகுதி செய்த வேலை என்று நினைத்தாள். சோழன், பாண்டியன் என்று ராஜாக்களே ஏற்றுக்கொண்ட 'ன்'தான் அது. மரியாதையெல்லாம் 'ஆர்' பக்கம் போனபின், காட்டான், பட்டிக்காட்டான் என்று இளப்பம் மட்டும் அதனிடம் தங்கிவிட்டது. சொல்லின் வாலை மாற்றினால் அழுக்குப் போய்விடும்.

இன்னும் பள்ளியில் சேர்க்காத மகள் கண்ணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ராக்கம்மா, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சட்டென்று திரும்பி நடந்தாள்.

"ஏனுங்க, அக்கா! என்னாச்சுங்க?" லீலாவதி ஓடினாள்.

"எங்கள வையத்தான் கூப்பிட்டீங்களா, டீச்சர்?"

"ஐயோ, மரியாதையாத்தானுங்க எழுதினேன். 'ஆர்'னு போட்டிருக்கனுங்க..."

"என்னத்தப் போட்டா என்ன?" ராக்கம்மா குரல் உயரவில்லை. "சிலோன்ல இருந்தப்போ மூத்தவனுக்குக் காய்ச்சல். லயத்து வீட்டுலருந்து டவுன் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். 'தோட்டக்காட்டானெல்லாம் அப்பறம்'னான், சீட்டு எழுதுறவன். நாலு மணி நேரம் நின்னேன். அவன் சொன்ன அப்பறம் வந்தப்போ தோள்ல புள்ள சில்லுன்னு இருந்தான்."

லீலாவதியின் அப்பாவைக் கூப்பிட்ட அதே சொல். காலையில் அவளே, அழகான கையெழுத்தில், பூப்போட்டு எழுதியது. உள்ளங்கையெல்லாம் சாக்கட்டித் தூள். ஓடிப்போய்ப் பலகையை முந்தானையால் அழித்தாள்.

"உங்கள நான் என்னன்னுங்க எழுதட்டும்?"

"எங்கள ஏன் எழுதணும்?" என்றாள் ராக்கம்மா. வெற்றுப் பலகைவரை திரும்பி வந்தாள். பிறகு மகளை முன்னால் தள்ளிவிட்டாள்.

"இவ பேர எழுதுங்க. கண்ணம்மா. அதுக்குப் பின்னால ஒண்ணும் சேக்காதீங்க."