வாழையடி மண்

என் வீட்டுக்காரர் அழகையாவுக்கு மானம் பெரிது. எவ்வளவு பெரிது என்று இந்தப் போகத்தில்தான் எனக்கே தெரிந்தது.

தெல்தோட்டையில் எங்களுக்கு இருப்பது கால் ஏக்கர் போஞ்சிக்காய்த் தோட்டம். இந்தத் தடவை கொடியெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஒரு மானியம் கொண்டுவந்தது. தோட்டத்தில் ஒன்பது இடத்தில் மண் எடுத்துக் கலந்து கொடுத்தால், சோதித்துப் பார்த்து, எந்தச் சத்து குறைவோ அந்த உரத்தை மட்டும் இலவசமாகத் தருவார்களாம். கிடைத்தால் போஞ்சி பிழைக்கும். இல்லாவிட்டால் இந்தப் போகம் அவ்வளவுதான்.

மண் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னார் மனுஷன். நானும் நம்பித் தொலைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, கோயில் மண்டபத்தில் விவசாய அதிகாரி றிப்தா மிஸ் முடிவுகளை வாசித்தார். எல்லாருடைய மண்ணுக்கும் ஏதோ ஒரு குறை. எங்கள் முறை வந்ததும் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

“அழகையா ஐயா, இப்படி ஒரு மண்ண நான் பார்த்ததே இல்ல. ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு உரமே தேவையில்ல!”

சனம் கைதட்டியது. இவரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கும்போதுதான் உரம் போச்சு என்பது மண்டையில் ஏறியது. திருதிருவென்று என்னைப் பார்த்தார். அந்த முழியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“அப்படி என்னதான் போட்டீங்க?” என்று மிஸ் கேட்டார்.

இவர் மிஸ்ஸுக்கு இன்னொரு கும்பிடு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

“மீன் கழுவுன தண்ணி, தேயிலச் சக்கை, ஆட்டுப் புழுக்கை. எல்லாம் நான் போட்டது மிஸ். அது தோட்டத்து மண்ணே இல்ல. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால நான் வச்ச வாழையோட அடிமண்ணு!”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, “லிஸ்ட் இன்னும் மூடல்ல. நாளைக்கே சரியான மண்ணக் கொண்டு வாங்க. இந்தத் தடவ நீங்களே எடுங்க,” என்றார் என்னிடம்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு நான் முன்னே, பையோடு அவர் பின்னே. நாலாவது இடத்தில் மெல்லச் செருமினார்.

“ஜெயராணி, வாழையடி மண்ணு ஒரே ஒரு பிடி கலந்துருவமா? ரொம்பக் கேவலமா வந்துட்டா நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தேன். மனுஷன் ஐந்தாவது இடத்துக்கு ஓடியே போய்விட்டார்.