சுத்தமான மூக்கு

1

இந்தக் கதை என் அக்காவின் மூக்கிலிருந்து வந்தது. சிரிக்காதீர்கள். அவளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

அக்கா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே புதிதாக ஒரு மெஷின் வந்தது. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியில் வழக்கமான மருந்துக்கு அடங்காத வகையை, அதன் மரபணுவை வைத்து, ஒரு மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பழைய முறையில் கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நோயாளி

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெள்ளை வெளிச்சத்தில் மெஷின் கண் சிமிட்டியது.’ சீ! அது எங்கே கண் சிமிட்டியது? மேசைமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன்.

மெஷினைச் சோதிக்க, கிருமி இருக்கும் மாதிரி ஒன்று வேண்டும், இல்லாத மாதிரி ஒன்று வேண்டும். இல்லாததற்கு எங்கே போவது? அக்கா பஞ்சுக்குச்சியைத் தன் மூக்கிலேயே விட்டுச் சுழற்றினாள்.

“சுத்தமான மூக்கு வேணும்னா நம்ம மூக்குதான்” என்றாளாம்.

மெஷின் ‘இருக்கிறது’ என்றது.

“புது மெஷின், உளறுது.” வேறு குச்சி எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் ‘இருக்கிறது’.

“மேடம், மெஷின் சரியாத்தான் இருக்கு போல” என்றார் கூட வேலை செய்பவர். யாரும் சிரிக்கவில்லை.

[அடிக்குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கிருமி மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். அக்காவுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. புண் கிடைத்தால்தான் அது வேலையைக் காட்டும்.]

3

புண் எங்கள் வீட்டில் இருந்தது.

அம்மா இடுப்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். கட்டு மாற்றுவது அக்காதான். நான் கிட்டே போனாலே அம்மா அலறுவார். “உன் கை கட்டை, அவ கை பூ.” காயமோ ஆறாமல் சீழ் வைத்திருந்தது, மாத்திரைக்கு மசியவில்லை. அக்கா அன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, காயத்திலிருந்து மாதிரி எடுத்து மெஷினில் வைத்தாள். அதே பதில்.

‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்று எழுதி, அடித்துவிட்டேன். வேலிக்கு என்ன தெரியும், பாவம்.

அம்மாவை வார்டில் சேர்த்து, மருந்தை உடனே மாற்றினார்கள். ஆனால் கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது.

“என்கிட்டேர்ந்துதான் போயிருக்கு” என்றாள் அக்கா.

“அம்மாகிட்டேர்ந்து உனக்கு வந்திருக்கலாமே? மெஷின் சொல்லுச்சா?”

“அது இருக்கு, இல்லன்னுதான் சொல்லும். யார்கிட்டேர்ந்துன்னு சொல்லாது.”

4

இப்போது அக்கா மூக்கில் களிம்பு தடவிக்கொள்கிறாள். கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வார்டு வாசலோடு நின்றுவிடுகிறாள். அம்மாவைத் தொடுவதில்லை. அவரிடம் காரணத்தைச் சொல்லவும் மாட்டேன் என்கிறாள்.

“சொன்னா ‘பரவால்லடி’ம்பாங்க. அதை என்னால கேக்க முடியாது.”

அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

“என்னைப் பாத்தா அவளுக்கு அருவருப்பா இருக்குடி. நாத்தம் தாங்கல போல.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

முடிவுகள்.

அ) அக்கா சொல்லிவிடுகிறாள். அம்மா அவள் கையைப் பிடித்து... சினிமா. வேண்டாம்.

ஆ) அம்மா பிழைத்து வீட்டுக்கு வருகிறார். டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகு இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

இ) அருவருப்பு என்று நினைத்துக்கொண்டே அம்மா

6

இவ்வளவையும் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துதான் எழுதினேன். இப்போது விழித்துக்கொண்டார்.

“என்னடி கிறுக்குற?”

“கதைம்மா.”

“யாரைப் பத்தி?”

காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, படி. கேட்டுக்கிட்டே தூங்குறேன்.”

வாசலில் அக்கா நிற்கிறாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்; என் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டுகிறாள்.

அம்மா காத்திருக்கிறார். முதல் வரிக்குச் சிரிப்பார், அது நிச்சயம். மூன்றாவது பகுதியில் வரும் விஷயம் உங்களுக்கும் எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

நீங்கள் சொல்லுங்கள். படிக்கட்டுமா?