மஞ்சள் பெட்டிக்குச் சேரவேண்டிய வாக்கு

“அப்பு, மஞ்சள் பெட்டிக்குப் போடுறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு, ஏன் பச்சைப் பெட்டிக்கை போட்டனீங்கள்?”

எட்டு வயதில் இராஜேந்திரன் கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பு, அதாவது தகப்பனின் தகப்பன், வெள்ளிக்கிழமை தவறாமல் வயற்கரைப் பிள்ளையாரிடம் போவார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, பிள்ளையாரின் காதுப்பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுப்பார். பிள்ளையாருக்கு மட்டும் சொன்னதை மரத்துக்குப் பின்னால் நின்ற பேரனும் கேட்டுவிட்டான். அப்பு திடுக்கிட்டுப்போய், கையிலிருந்த மோதகத்தை முழுதாகப் பேரனின் வாயில் திணித்தார். மோதகத்தோடு கேள்வியும் உள்ளே இறங்கியது. அதற்குப் பதில் கிடைக்க ஐம்பத்து நாலு வருடம் ஆனது. அதுவும் பாரிசில், லா சப்பலில்.

விசயம் இதுதான். வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்டபோது, கடலோரத்து அந்தோனியார்துறையையும் அதற்கு உள்ளே கிடந்த வடலிப்பிட்டியையும் ஒரே கோட்டுக்குள் அடைத்து, சங்குமுனைத் தொகுதி என்று பெயர் வைத்தார்கள். கொழும்பில் வரைபடத்தின்மேல் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறியவருக்கு, இரண்டு ஊரும் ஒன்றோடொன்று கதைப்பதில்லை என்பது தெரியாது. முப்பத்தாறாம் ஆண்டு அங்கே ஒரு தேர்தல் நடந்தது. ஒன்றே ஒன்றுதான். அடுத்த தேர்தல் வருவதற்குள் வேறொருவர் அடிமட்டத்தை வேறுவிதமாக வைத்துவிட்டார். தொகுதி காணாமற் போனது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் வாக்குப் போடவேண்டும் அல்லவா? திரைக்குப் பின்னால் நிறம் பூசிய பெட்டிகள் இருக்கும். கையில் தந்த துண்டை விரும்பிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். வடலிப்பிட்டியில் பிறக்கிராசி அருளம்பலத்துக்குப் பச்சை. பிறக்கிராசி என்றால் வழக்கறிஞர். ஊரின் பாதிக் காணி வழக்கு அவர் கையில் இருந்தது. அந்தோனியார்துறையில் நாலு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி சந்தியாப்பிள்ளைக்கு மஞ்சள்.

தேர்தலுக்கு முதல் வருடத்து மாரியில், அப்புவின் வீட்டில் பிள்ளைப்பேறு சிக்கலாகிவிட்டது. நீரேரியைத் தாண்டினால்தான் ஆஸ்பத்திரி. காற்றும் மழையுமாகக் கிடந்த அந்த நேரத்தில், எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சந்தியாப்பிள்ளை தானே வள்ளத்தை இறக்கினார். அன்று பிறந்த பிள்ளைதான் இராஜேந்திரனின் தகப்பன். “என்ரை வோட்டு உங்கடை பெட்டிக்குத்தான், சம்மாட்டியார்” என்று அப்பு கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் தேர்தலன்று திரைக்குப் பின்னால் நின்றபோது, பிறக்கிராசியிடம் கிடந்த தன் காணி வழக்கு நினைவுக்கு வந்தது. கை பச்சைப் பக்கம் போய்விட்டது. சந்தியாப்பிள்ளை தோற்றது ஒரே ஒரு வாக்கால்.

ஊரில் செத்த அந்தத் தொகுதி லா சப்பலில் மறுபடி பிறந்தது. பாரிசில் ஊருக்கு ஒரு ஒன்றியம் உண்டு. ஒன்றியம் இல்லாத ஊரை ஊர் என்று ஒருவரும் மதிப்பதில்லை. வடலிப்பிட்டியாருக்கு விளையாட்டுப் போட்டியில் கயிறிழுக்கவே ஆள் காணாது. அந்தோனியார்துறையாருக்கும் அதே நிலை. தொகுதியின் எல்லையை அறிவித்த பழைய அரச வர்த்தமானியின் பிரதி ஒன்றை யாரோ கொண்டுவந்து காட்ட, இரண்டு ஊரும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘சங்குமுனைத் தொகுதி ஒன்றியம்’ என்று ஒன்றாகின. ஊரில் பதினொரு வருடம் மட்டும் இருந்த தொகுதிக்கு, பாரிசில் இது இருபத்து மூன்றாவது வருடம்.

ரூ பிலிப்-து-ஜிராரில் மரக்கறிக் கடை வைத்திருந்த இராஜேந்திரன் பதினொரு வருடமாகத் தலைவர். வேறொருவரும் கேட்காததால் வந்த பதவி அது. ஒன்றியத்தில் சந்தியாப்பிள்ளையின் பேரன் அம்புறோசும் இருந்தார். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் முப்பது வருடமாகச் சமையல். நல்ல மனுசன். ஆனால் விசா இல்லாமல் கடல் தாண்டி வந்த ஒரு பொருள் அவரிடம் இருந்தது. அது அவருடைய பட்டப்பெயர். ஊரில் அந்தக் குடும்பத்தையே ‘ஒருவோட்டர்’ என்பார்கள். மகள் தர்மிளாவின் கலியாணத்துக்கு வழி கேட்டவர்கள்கூட, “ஒருவோட்டர் வீட்டுக் கலியாண மண்டபம் எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்டார்கள். அம்புறோசும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போது அவருடைய காது மட்டும் சிவக்கும். அதை இராஜேந்திரன் பார்த்திருக்கிறார்.

அந்த ஒரு வாக்கு யாருடையது என்று உலகத்தில் தெரிந்தவர் இரண்டே பேர். ஒருவர் பிள்ளையார். மற்றவர் இராஜேந்திரன். அம்புறோஸ் கடைக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட வாயைத் திறப்பார்.

“அம்புறோஸ் அண்ணை, உங்களிட்டை ஒரு விசயம்...”

“சொல்லும், தலைவர்.”

“...நல்ல வெண்டிக்காய் வந்திருக்கு. கொண்டுபோங்கோ. காசு வேண்டாம்.”

பதினொரு வருடத்தில் அம்புறோஸ் வீட்டில் வெண்டிக்காய் என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

இந்த வருடம் வைகாசியில் அம்புறோஸ் கடைக்கு வந்து, வெண்டிக்காய்ப் பையை மெல்லத் தள்ளி வைத்தார்.

“தலைவர், கோவிக்கப்படாது. இந்தமுறை நானும் கேக்கப்போறன்.”

“என்னத்தை அண்ணை?”

“தலைவர் பதவியை. அதுவும் அந்தக் காலத்து முறையிலை. பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி. ஒருக்கா எண்டாலும் மஞ்சள் வெல்லுதோ பாப்பம்.”

இராஜேந்திரனுக்கு உள்ளுக்குள் மோதகம் அசைந்தது. “அண்ணை, அப்ப நான் விலகுறன், நீங்களே இருங்கோ” என்றார்.

“சும்மா தந்தால் அது வெண்டிக்காய்” என்றார் அம்புறோஸ். “நான் வெல்லவேணும்.”

அன்று வீட்டில் இராஜேந்திரனின் மனைவி ஜெகதீஸ்வரி கரண்டியோடு நின்றாள். “விலகுறன் எண்டு சொன்னனீங்களாமே? வடலிப்பிட்டியின்ரை மானம் என்ன, மெத்ரோவிலை மறந்துபோட்டு வாற குடையோ? நீங்கள் சும்மா இருங்கோ. நான் வெண்டு தாறன்.”

சொன்னபடியே வேலையில் இறங்கினாள். எந்தக் கட்சி என்று பாராமல் எல்லா வீட்டுக்கும் ரோல்ஸ் போனது. அம்புறோஸ் பக்கத்திலிருந்து லூர்து மாதாவிடம் போக இலவச பஸ் என்று அறிவிப்பு வந்தது. சைவக்காரர் முதலில் பெயர் கொடுத்தார்கள். ரோல்சைச் சாப்பிட்டவர்களும் பஸ்சுக்குப் பெயர் கொடுத்தவர்களும் ஒரே ஆட்களாக இருந்ததில் இரண்டு பக்கமும் நம்பிக்கையோடு இருந்தன.

ஆனி மாதத்து ஞாயிறு. லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கீழ்த்தளத்தில் வாக்கெடுப்பு. இரண்டு தகர பிஸ்கட் பேணிகளுக்குப் பச்சையும் மஞ்சளுமாகத் தாள் ஒட்டி மேசையில் வைத்து, முன்னால் குளியலறைத் திரை ஒன்றைக் கட்டினார்கள். திரை முழுக்க மஞ்சள் வாத்துகள். “இது மஞ்சளுக்குப் பிரச்சாரம்” என்று ஜெகதீஸ்வரி எதிர்த்தாள். தேர்தல் அதிகாரியாக வந்த நிரோஜினி, பிரான்சில் பிறந்து ஒரு மெரியில், அதாவது நகரசபையில், வேலை செய்பவள், அசையவில்லை. “அன்ரி, இசொலுவார், இந்த மறைப்பு, இல்லாமல் தேர்தல் இல்லை. ஆர் எந்தப் பெட்டிக்குப் போடுகினம் எண்டு ஒருத்தரும் பாக்கக்கூடாது. வாத்து பாத்தாலும் வெளியிலை சொல்லக்கூடாது” என்று சொல்லி, வாத்துகளை உட்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். திரைக்குள் ஒவ்வொருவராகப் போய் வெளியே வர, பிரெஞ்சு வழக்கப்படி “அ வொத்தே!” என்று உரத்துச் சொன்னாள். வாக்களித்தாயிற்று என்று அர்த்தம். கிழவர்கள் அதைக் கேட்கவே இரண்டாம்முறை போகப் பார்த்தார்கள்.

மூன்றரை மணிக்கு ஜெகதீஸ்வரியின் தம்பி கார்த்திகேயன் ஓடிவந்தான். விடியக்காலையிலிருந்து ஒபர்வில்லியேயில் மொத்தக் கடையொன்றில் பெட்டி தூக்கிவிட்டு, வேலை உடுப்போடு நேரே வந்திருந்தான். அம்புறோசின் ஆளான செசில் வர்த்தமானிப் பிரதியோடு எழும்பினார்.

“நிப்பாட்டுங்கோ! இவையின்ரை வீடு ஆலடிக் கிணத்துக்கு வடக்காலை. தொகுதியின்ரை எல்லை கிணறு. இவருக்கு வோட்டு இல்லை.”

நிரோஜினி தாளைப் பார்த்தாள். “அந்தக் கிணறு இப்ப இருக்கோ, அங்கிள்?”

“தூந்துபோச்சு. எல்லை தூரேல்லை!”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இல்லாத தொகுதியில் இல்லாத கிணறு எந்தப் பக்கம் என்று பாரிசில் நின்று கத்தத் தொடங்கியது. கார்த்திகேயன் நடுவில் வியர்வையோடு நின்றான். வர்த்தமானியில் செசில் சொன்னதுதான் சரி. அது எல்லாருக்கும் தெரிந்தது. அப்போது அம்புறோஸ் எழுந்து வந்தார்.

“செசில், விடு. கோடு கீறினவனே எப்பவோ செத்துப்போனான். பெடியன் வேலையாலை நேரை வந்து நிக்கிறான், முகத்தைப் பார். போடட்டும்.”

“அண்ணை, அது பச்சைக்குப் போற வோட்டு!”

“எனக்குத் தெரியாதே? போடட்டும் எண்டுறன். அதுக்கு முதல் ஆராவது அவனுக்கு ஒரு ரோல்ஸ் குடுங்கோ. பசிச்ச வயித்தோடை திரைக்குள்ளை அனுப்பாதேங்கோ.”

மூலையில் நின்ற இராஜேந்திரனுக்கு, யார், எந்த ஊர் என்று கேட்காமல் வள்ளத்தை இறக்கிய அதே குணம், மூன்றாவது தலைமுறையில், ரோல்ஸ் தட்டோடு வந்து எதிரே நிற்பதுபோல இருந்தது.

கார்த்திகேயன் போட்டான். எல்லாரும் போட்டு முடிந்தது. வேட்பாளர்கள் கடைசி என்பது நிரோஜினியின் விதி. அம்புறோஸ் போய்வந்தார். இராஜேந்திரனின் முறை வந்தது.

முடிவு என்ன என்று இங்கேயே சொல்லிவிடலாம். எண்பத்து மூன்று வாக்கு. மஞ்சளுக்கு நாற்பத்திரண்டு, பச்சைக்கு நாற்பத்தொன்று. அம்புறோஸ் கதிரையில் ஏறி நின்று, “ஓமடா, நான் ஒருவோட்டர்தான்! இனி ஆர் வேணுமெண்டாலும் கூப்பிடுங்கோ!” என்று கத்தினார். சிரித்தபோது காது சிவக்கவில்லை. பச்சைப் பக்கத்தில் துரோகி யார் என்று ஜெகதீஸ்வரி இன்றுவரை தேடுகிறாள். முதலில் சொந்தத் தம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவன் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தான். பிறகு ரோல்ஸ் வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் கடைக்கு வரும்போது கண்ணால் அளந்தாள். சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒருவரைத்தான். எந்த வேட்பாளர் தனக்குத்தானே எதிராகப் போடுவார்?

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அப்போது மணி நாலு ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இராஜேந்திரன் துண்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனார்.

உள்ளே வாத்துகளும் இரண்டு பேணிகளும் அவரும்தான். அப்புவும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. ஒரு துண்டு, இரண்டு பெட்டி, வெளியே ஊர். அப்புவுக்கு அன்று காணி வழக்கு. இவருக்கு வடலிப்பிட்டியின் மானமும் ஜெகதீஸ்வரியின் கரண்டியும். அப்பு கெட்டவரில்லை, பயந்தவர் என்று முதல்முறையாக விளங்கியது. எட்டு வயதில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

“என்னப்பா, உள்ளுக்கை நித்திரையே?” என்று வெளியிலிருந்து மனைவியின் குரல். “கையை நீட்டிப் பச்சைக்கை போட இவ்வளவு நேரமோ?”

“வாறன், வாறன்.”

“பிள்ளையாரே, சம்மாட்டியாரிட்டைச் சொல்லிவிடும்” என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். பேணியில் பட்டுச் சத்தம் எழாமல் இருக்க, மற்றக் கையால் மூடியை மெல்லப் பிடித்துக்கொண்டு, துண்டை மஞ்சள் பெட்டிக்குள் விட்டார்.