தெற்கே கை காட்டக் கூடாது

நாட்டின் கணினி வலைகளையெல்லாம் ஒரே நொடியில் பூட்டும் கடவுச்சொல், உடுமலைப்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருந்த ஒருவரின் பெயர். எழுதிய சொல்லைத் திருடலாம், பேசிய சொல்லை ஒட்டுக்கேட்கலாம். ஆகவே, தெரிந்தும் ஒருவர் வாயிலிருந்து வராத சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கையில் முடிவாகியிருந்தது. கல்யாணமான நாள் முதல் அவர் மனைவி மயிலாத்தாள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆபத்து வந்தால் அவள் ஒருமுறை போனில் சொன்னால் போதும், கதவுகள் அடைபடும்.

பெயரை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ரேஷன் கார்டில் அந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். கடைப் பலகையில் ‘பேட்டரி ஒர்க்ஸ்’ மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்னால் ஒரு பெயர் உட்காரும் அகலத்துக்கு வெறும் நீலச் சாயம். ஊரார் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். கூடப் படித்தவர்கள்கூட “பேட்டரிக்காரரே” என்றார்கள்.

டில்லியிலிருந்து வந்து எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த பாதுகாப்பு அதிகாரி எபனேசர் ஒரே ஒரு ஓட்டையைத்தான் கண்டுபிடித்தார். புருஷன் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் மயிலாத்தாள் தெற்கே மலையைக் கை காட்டுவாள். இனி காட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. மலைக்குப் போகும் பேருந்தின் முகப்புப் பலகையும் அழிக்கப்பட்டது. வெற்றுப் பலகையோடு அது நேரத்துக்குக் கிளம்பியது. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள்.

பேட்டரிக்காரருக்கு நாட்டின் மேல் வருத்தமில்லை. ஆனால் காலையில் சவரம் செய்யும்போது, இது யார் முகம் என்று கை நின்றுவிடும். தன் பெயர் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்கே மங்கிக்கொண்டு வந்தது. முழுக்க மறப்பதற்குள் ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும்.

“ஏம்புள்ள, மெதுவா காதுக்குள்ளயாவது சொல்லேன்.”

“சும்மா இருங்க. தேசத் துரோகம்னு கூட்டிட்டுப் போயிருவாங்க.”

“அதுக்கு முந்தி மட்டும் சொன்னியாக்கும்?”

“அப்ப வெக்கமுங்க. இப்ப சட்டமுங்க.”

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வெளிநாட்டிலிருந்து தாக்குதல் வந்தது. மின்விசிறிகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றின. ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு யாருடைய கல்யாண ஆல்பமோ வந்தது. எபனேசர் செருப்பில்லாமல் ஓடிவந்து போனை நீட்டினார்.

“சொல்லுங்கம்மா.”

மயிலாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

“வரமாட்டேங்குதுங்க சார்.”

“அம்மா, ரயிலெல்லாம் பின்னாடி ஓடுது!”

“மொதல்ல அவரை வெளிய போகச் சொல்லுங்க.”

“என் பேருதானே புள்ள?” என்றார் பேட்டரிக்காரர்.

“அதுக்குத்தானுங்க. மூஞ்சியப் பாத்துட்டே எப்படிச் சொல்றதாம்?”

நாடு அவசரத்தில் இருந்ததால் அவர் வெளியே போய் வெயிலில் நின்றார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு மின்விசிறி நின்று, யோசித்து, சரியான பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

“சொல்லிட்டியா?” என்று கதவைத் தட்டினார்.

“சொல்லிட்டனுங்க.”

“எனக்குக் கேக்கலையே.”

உள்ளேயிருந்து எபனேசரின் குரல் கேட்டது. ஒருமுறை சொன்ன கடவுச்சொல் செல்லாது, அது இப்போது வெறும் பெயர், அரசாங்கத்துக்கு அதோடு சம்பந்தமில்லை என்றார். கதவு திறந்தது. மயிலாத்தாள் வாசற்படியில் நின்று, அவர் முகத்தைப் பார்த்தபடியே, தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட்டாள்.

“திருமூர்த்தி!”

“என்ன புள்ள?” என்றார் திருமூர்த்தி.

“ஒண்ணுமில்லீங்க. சாப்பிட வாங்க.”

சாயங்காலமே பெயிண்டர் ஏணியோடு வந்து நீலச் சாயத்தின் மேல் பெயரை எழுதினார். திருமூர்த்தி மலைக்குப் போகும் பேருந்துக்கும் பலகை திரும்பியது. நாட்டுக்கு மட்டும் புதுச் சொல் வேண்டியிருந்தது. எபனேசர் தயங்கிக்கொண்டே, “சார், நீங்க எப்பவாவது அம்மாவைப் பேர் சொல்லி...” என்று ஆரம்பித்தார். அதற்குள் திருமூர்த்தி “மயிலாத்தா!” என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெயரும் நாட்டுக்கு உதவாமல் போனது.

பின்தெருவில் நாச்சிமுத்துவும் அவர் தம்பி ஆறுச்சாமியும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்களில் இருக்கிறார்கள். கிணற்று மோட்டாரில் வந்த சண்டை, வருஷக்கணக்காகப் பேச்சில்லை. தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் நாச்சிமுத்து என்ன சொல்வாரோ, அதுதான் இப்போது நாட்டின் கடவுச்சொல். நெடுங்காலம் தாங்கும் என்று டில்லியில் மதிப்பிட்டிருக்கிறார்கள். எபனேசர் மதிலோரமாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார்.

போன வாரம் அண்ணன் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்று மதிலைத் தாண்டித் தம்பி வீட்டுக்குப் போனது. நாட்டின் எச்சரிக்கை நிலை ஒரு படி உயர்த்தப்பட்டிருக்கிறது.