இரண்டு நாள் பயணம்

நம்ம லிஃப்ட் மெக்கானிக் விமான நிலைய வாசலில் வியர்க்க வியர்க்க நின்றுகொண்டிருந்தான். அம்மா முதல்முறையாக வெளிநாட்டில் இருக்கும் இவனிடம் வருகிறாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இவனுக்குப் பயம்.

காரணம் இருந்தது. போன வருடம் அப்பா இறந்த அன்று காலையில் தங்கை போனில் கதறினாள். "உனக்குக் காட்டாம அப்பாவ எடுக்க விடமாட்டேண்ணா. எப்ப வருவே?" புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. லீவு கேட்டால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார் என்று இவனாகவே நினைத்துக்கொண்டான். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கு. ரெண்டு மூணு எடத்துல மாறணும். வந்து சேர ரெண்டு நாளாயிடும். எனக்காகக் காத்திருக்காதீங்க" என்றான். அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்தது.

தூரம் உண்மைதான். ஆனால் நேராக வரும் விமானத்தில் பதினாலு மணி நேரம். அன்றைக்கே இடமும் இருந்தது, சாவுச் செய்தி வந்ததுமே அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கையின் போனை எடுத்தான்.

இப்போது மனைவிக்குப் பிரசவ நேரம். அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது, இரண்டு இடத்தில் மாறுகிற விமானமாகப் போட்டால் என்ன என்று யோசித்தான் பாவி. "வயசானவங்கள அலைய விடுவீங்களா?" என்று மனைவி ஒரு சத்தம் போட்டதும் அடங்கிவிட்டான். வெளியூரில் இருக்கும் தங்கையால் வழியனுப்ப வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் அம்மாவை ஏற்றிவிட்டார்.

அம்மா தள்ளுவண்டியோடு வந்தாள். மேலே ஒரு பெரிய துணிப்பை.

"ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கட்டிட்டு வந்தேன்டா. ஒரு வேளை சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டேன். பிளேன்ல சாப்பாடு குடுக்குற பொண்ணு வந்து எறங்குங்கம்மாங்குறா. மாறுற எடம் போலிருக்குன்னு கேட்டா, இதான் கடைசிங்குறா. நான் நம்பவே இல்ல! சண்ட போட்டு அப்படியே ஒக்காந்துட்டேன்."

சொல்லிச் சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் நிறுத்துமிடத்துக்கு லிஃப்டில் ஏறினார்கள். தினமும் பத்து லிஃப்டில் ஏறி இறங்குகிறவனுக்கு அதற்குள் மூச்சு முட்டியது. "அம்மா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தான். அம்மா சரிந்த துணிப்பையை நிமிர்த்தி வைத்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

காரில் உட்கார்ந்ததும் எதையாவது செய்ய வேண்டுமே என்று போனை எடுத்தான்.

"நீ நல்லபடியா வந்து சேந்துட்டேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிடறேம்மா."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லாதடா. ரெண்டு நாள் ஆகட்டும்."