எனாமல் மேல் லாக்கர்

1

கோபத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறேன். "நல்லெண்ணத்துலதானே செஞ்சார், விடேன்" என்று என்னிடம் ஒருவர் சமாதானம் சொன்னார். யார், எதற்கு என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது, உட்கார்ந்துவிட்டேன்.

மாலை வெயிலில் அந்தக் குட்டிக் கார் பச்சைப் பசேலென்று

(வெயிலாவது ஒன்றாவது. அடித்துவிட்டேன்.)

அவள் பல் செட் செய்கிறவள். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல்லின் நிறம் பொருத்திவிட்டு, வீட்டுக்கு வந்து உள்ளங்கை அளவுக் கார் மாடல்களுக்கு வண்ணம் பூசுவாள். இது இருக்கட்டும்.

2

கொஞ்சம் பாடம். எனாமல், லாக்கர் எல்லாம் பெயிண்ட் வகைகள். அடிப்பூச்சுக்கு லாக்கர் பிரைமர். அதன்மேல் எனாமல், காய நாளாகும், ஆனால் தூரிகைத் தடமே தெரியாமல் பரவும். கடைசியில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ். அது சாது, கீழே இருப்பதைத் தொந்தரவு செய்யாது. எனாமல் மேல் லாக்கரை அடித்தாலோ, அதிலுள்ள தின்னர் என்ற கரைப்பான் எனாமலைக் கடித்துக் கிளப்பிவிடும்.*

மூன்று பச்சைகளைக் கலந்து அவள் அந்த நிறத்தைப் பிடித்திருந்தாள். கலவையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. காரில் எனாமல் ஏறியாயிற்று, வார்னிஷ்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அவளுடைய முதல் கண்காட்சி.

* முதல் பிரதியில் நானே வரிசையைப் புரட்டி, லாக்கர் மேல் எனாமல் என்று எழுதியிருந்தேன். அப்படிப் பூசினால் ஒன்றும் ஆகாது. அவள் கணவன் தப்பித்தான், கதையும் போயிற்று.

3

அவள் வேலையிலிருந்து வந்தபோது மேசைமேல் இருந்த காரின் பச்சைப் பூச்சு பாலாடை போலச் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் கணவன். தன் காரின் கீறலுக்கு வாங்கிய லாக்கர் ஸ்பிரே கையில்.

"பளபளன்னு இருக்கட்டும்னு அடிச்சேன். உனக்காகத்தான்."

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"ஒரு பொம்மைக் காருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நல்லது செஞ்சாலும் தப்பா?"

அவன் கண்கள் கலங்கி

(இல்லை. கலங்கவில்லை. அவனை நல்லவனாக்கப் பார்த்த என் கையை அவள் தட்டிவிட்டாள்.)

கேட்காமல் தொட்டது தப்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

4

முடிவு அ: சொல்கிறான். (இவனா!)

முடிவு ஆ: அவள் பெயிண்டைக் கரைத்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். என்ன பொறுமை என்று நீங்கள் மெச்சுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முடிவு இ: அவள் ஸ்பிரேயைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அங்கே அவன் கார். காலையும் மாலையும் அதைத் துடைப்பான், தெருப் பிள்ளைகள் சாய்ந்தால்கூடக் கத்துவான். அவள் கேனைக் குலுக்கினாள், பெயிண்டைக் கலக்க உள்ளே கிடக்கும் குண்டு கடகடத்தது. அவன் செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

"ஏய்! என்னைக் கேக்காம என் வண்டியைத் தொடாதே!"

அந்த வார்த்தை ஒருவழியாக வந்துவிட்டது, அவன் வண்டிக்காக.

"பளபளன்னு இருக்கட்டும்னுதான்," என்றாள். "உங்களுக்காக."

அவள் விரல் கேனின் பொத்தான்மேல் இருக்கிறது. இதற்குமேல் நான் எழுத மாட்டேன், எழுதினால் அழுத்திவிடுவேன். நீங்களே முடியுங்கள். ஆனால் அவளிடம் போய், அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். கேனில் இன்னும் நிறைய இருக்கிறது.